கூட்டிச் சொல்லாதவர்

அவரைப் பற்றி எழுதட்டுமா என்று நான் கேட்டது சுவிசில், பீல் நகர ரயில் நிலையத்துக்கு முன்னால், பஸ் தரிப்பில். என்னுடைய பஸ் வந்து, கதவு திறந்து, ஆட்கள் ஏறத் தொடங்கிய பிறகுதான் வாய் திறந்தார்.

"எழுதுங்கோ பிள்ளை. பேர் போடாதேங்கோ. கூட்டியும் எழுதாதேங்கோ."

முதல் நிபந்தனை எனக்குப் பழக்கமானது. நான் மொழிபெயர்ப்பாளர். ஜெர்மன் போதாத தமிழர்கள் டொக்டரிடம், அதிலும் மனநல டொக்டரிடம் போகும்போது நடுவில் இருந்து கதைப்பது என் வேலை. அறைக்குள் கேட்டது அறைக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். அவர் ஓம் என்று சொன்னபடியால்தான் இதை எழுதுகிறேன். இரண்டாவது நிபந்தனைதான் கஷ்டம். அவர் சொன்ன அளவிலேயே எழுதினால் எழுத எதுவும் மிஞ்சாது.

எதைச் சொன்னாலும் முன்னால் ஒரு "கொஞ்சம்" வைப்பார். பீலில் குளிர்காலத்து வடகிழக்குக் காற்று அடித்தால் ஏரிக்கரையில் நிமிர்ந்து நிற்க முடியாது. அவருக்கு அது "கொஞ்சம் காத்து". மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் மணிக்கூட்டின் உலோக உறைகளை மினுக்கும் வேலை செய்தார். ஒருநாள் மினுக்கும் சில்லு கையைப் பிடித்துவிட்டது. அதைப் பற்றி டொக்டர் கேட்டபோது "கொஞ்சம் பட்டிட்டுது" என்றார். அவருடைய வலக்கைச் சுட்டுவிரலுக்கு நுனி இல்லை என்பதை நான் இரண்டாவது சந்திப்பில்தான் கண்டேன். மனைவி நோயில் இறந்து மூன்று வருடங்களுக்கு மேலாகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. "மனுசி இல்லாதது கொஞ்சம் கஷ்டம்" என்றார்.

இப்படி ஒருவருக்கு மொழிபெயர்ப்பது எப்படி? எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. அவர் "நான்" என்றால் நானும் ஜெர்மனில் "நான்" என்றே சொல்லவேண்டும். அவர் சொன்ன எதையும் விடக்கூடாது, சொல்லாத எதையும் சேர்க்கக்கூடாது. எனவே அவர் "கொஞ்சம்" என்றால் நானும் "கொஞ்சம்" என்றேன்.

முதல் சந்திப்பு இப்படித்தான் நடந்தது.

டொக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க சுவிஸ் பெண். நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருப்பார். கணினி மேசையில் இருந்தாலும் பென்சிலால்தான் எழுதுவார்.

"நித்திரை எப்படி?"

"கொஞ்சம் குறைவு."

"பயம் வருமா?"

"கொஞ்சம் வரும்."

"சாப்பாடு?"

"பரவாயில்லை."

டொக்டர் ஒரு வரி எழுதிவிட்டுப் பென்சிலை வைத்தார். எதற்காக வந்தீர்கள் என்று நேரே கேட்டார். அவர் சட்டைப் பைக்குள் இருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவர் இருந்த மாடிக்கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாக அலுவலகம் அனுப்பியது. ஒப்பந்தத்தின்படி நாய் வளர்க்க எழுத்தில் அனுமதி வேண்டும், நீங்கள் அனுமதி கேட்கவில்லை, வீடுகள் முறை நாள் வைத்துப் பாவிக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறைக்குள்ளும் நாய் வருவதாக முறைப்பாடு வந்திருக்கிறது, மாத முடிவுக்குள் நாயை அகற்றாவிட்டால் வீட்டு ஒப்பந்தம் முறிக்கப்படும் என்று இருந்தது.

நாயின் பெயர் பிஜூ. மண்ணிறம், ஒரு காது மடிந்தது. ஒன்பது வயது. தொழிற்சாலையில் பக்கத்து மேசையில் வேலை செய்த ஒருவர் முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டி வந்தபோது, ஒரு கிழமைக்கு என்று இவரிடம் விட்டுப் போனது. ஒரு கிழமை ஒன்றரை வருடமாகிவிட்டது.

"நாயை வச்சிருக்கலாம் எண்டு டொக்டர் ஒரு கடுதாசி தந்தால் காணும்" என்றார். குடும்ப டொக்டர்தான் இங்கே அனுப்பியிருந்தார்.

டொக்டர் அவருக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார். இந்த நாட்டில் மனத்துக்குத் துணையான நாய் என்று கடிதம் எழுதினால் அதனால் ஒரு உரிமையும் வராது. கண் தெரியாதவருக்கு வழிகாட்டும் நாயைப் போல அல்ல. வீட்டுக்காரர் வாசித்துவிட்டு மறுக்கவும் கூடும். அதோடு, ஒரு தடவை மட்டும் கண்ட ஒருவருக்கு டொக்டர் அப்படி எழுதமாட்டார். "உங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவள் என்ற முறையில், நானே கண்டதையும் கேட்டதையும்தான் எழுதலாம். அதற்கு நீங்கள் வரவேண்டும். என்னோடு கதைக்கவேண்டும். உங்களுக்கு வைத்தியம் நடக்கிறது, முடிவைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள் என்று இன்றைக்கு நிர்வாகத்துக்கு எழுதுகிறேன். அது மட்டும் எனக்கு இப்போது தெரிந்த உண்மை."

அவர் தலையாட்டினார். எழுந்து போகும்போது என்னிடம் மெல்லச் சொன்னார்: "நல்ல மனுசி. தெரியாததை எழுதமாட்டன் எண்டுறா."

இரண்டாவது சந்திப்புக்கு அவருடைய தங்கையின் புருஷன் ஆரா நகரத்திலிருந்து கூட வந்திருந்தார். காத்திருக்கும் அறையில் கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு நின்றார். நான் உள்ளே போனதும் எனக்கும் காட்டினார். இணையத்தில் ஒரு இடம். சில கேள்விகளுக்குச் சரி, சரி என்று அமத்தினால் சான்றிதழ் வீட்டுக்கே வரும். முத்திரை, கையெழுத்து, நாயின் படம் போட்ட அட்டை, நாய்க்கு மாட்ட ஒரு சிவப்புச் சட்டை.

"மச்சான், ரெண்டு நாளில வந்திடும். இஞ்ச வந்து கதை சொல்லிக்கொண்டு இருக்கத் தேவையில்லை."

"அந்த டொக்டர் என்னைப் பார்ப்பாரோ?"

"பார்க்கத் தேவையில்லை எண்டுதானே சொல்லுறன்."

"பார்க்காமல் என்னத்தை எழுதுவார்?"

"என்ன எழுதினால் உங்களுக்கென்ன? நாய் வீட்டில நிண்டால் சரிதானே."

அவர் மச்சானின் கையைப் பிடித்துக் கைத்தொலைபேசியைத் தாழ்த்தினார். "எனக்கு வேண்டாம். பேந்து ஆரும் கேட்டால் நான்தான் மறுமொழி சொல்லவேணும்."

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. அரிச்சந்திரன் என்று முணுமுணுத்தது கேட்டது. அவர் பிஜூவை அன்றுதான் முதன்முதலாக அழைத்து வந்திருந்தார். அது அவருடைய இரண்டு சப்பாத்துக்களின் மேலும் குறுக்கே படுத்திருந்தது.

அந்தச் சந்திப்பும் முதலாவதைப் போலவே போனது. கொஞ்சம், பரவாயில்லை, ஓரளவு. விளக்கிச் சொல்லிவிடலாமா என்று எனக்கு இருந்தது. யாழ்ப்பாணத்து ஆள் "பரவாயில்லை" என்று எப்படிச் சொல்கிறார் என்பதில்தான் பொருள் இருக்கிறது. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்தத் தொனிக்கு ஜெர்மனில் என்னிடம் சொல் இல்லை. கொஞ்சம் என்பதை விட்டுவிட்டு "நித்திரை குறைவு" என்று மட்டும் சொன்னால் யாருக்குத் தெரியும் என்றும் நினைத்தேன். ஆனால் அவருக்கு அந்த அளவு ஜெர்மன் தெரியும். நான் விட்டால் கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பிறகு என் முன்னால் வாய் திறக்கமாட்டார்.

மூன்றாவது சந்திப்பில் டொக்டர், இணையச் சான்றிதழை ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டார். மச்சான் போகிற போக்கில் டொக்டரிடமும் முறையிட்டிருந்தார். அன்றைக்குத்தான் அந்தக் கதை வந்தது.

அவர் சுவிசுக்கு வந்த புதிதில், அகதி விசாரணைக்குப் போக முதல் நாள், முகாமில் இருந்த ஒருவர் புத்தி சொல்லியிருக்கிறார். ஊரில் இவரைப் பிடித்து ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். "ஒம்பது நாளுக்கெல்லாம் இஞ்ச ஒண்டும் தரமாட்டாங்கள். ரெண்டு மாசம் எண்டு சொல்லு" என்றாராம் அந்த ஆள். இவரும் சொன்னார். சில மாதங்களுக்குப் பிறகு இரண்டாவது விசாரணையில், ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்று கேட்டபோது, ஒன்பது நாளுக்கு மேல் சொல்ல அவரிடம் நாட்கள் இருக்கவில்லை.

"நம்பத் தகுந்ததாக இல்லை எண்டு எழுதினவை" என்றார். "ரெண்டு மாசம் பொய்தான். நான் செய்தது பிழைதான். ஆனால் அதோட அந்த ஒம்பது நாளும் பொய்யாப் போச்சு. இண்டைக்கும் அந்தப் பைலில அது நடக்கேல்லை எண்டுதான் கிடக்கு."

விசா வேறு வழியில், பல வருட வேலைக்குப் பிறகு கிடைத்தது. அந்த ஒன்பது நாளில் என்ன நடந்தது என்பதை அவர் பின்னர் டொக்டரின் அறையில் சொன்னார், நான் ஜெர்மனில் "நான், நான்" என்று சொன்னேன். அதை இங்கே எழுதமாட்டேன்.

அன்றைக்கு டொக்டர் அந்தப் பைல் கதையைக் குறித்துக்கொண்டார். அப்போதுதான் நான் கையை உயர்த்தினேன். மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சலுகை உண்டு. ஒரு விளக்கம் அவசியம் என்று நினைத்தால், இரண்டு பக்கத்துக்கும் தெரியச் சொல்லிவிட்டுச் சொல்லலாம். முதலில் அவர் பக்கம் திரும்பினேன்.

"அண்ணை, நான் டொக்டருக்கு ஒரு விசயம் சொல்லப் போறன். நீங்கள் கொஞ்சம் எண்டு சொல்லேக்க எனக்கு விளங்குறது ஒண்டு, ஜெர்மனில அவவுக்குப் போறது வேற ஒண்டு."

அவர் முகம் இறுகியது. "கூட்டிச் சொல்லப் போறீங்களோ?"

"இல்லை. எனக்கு எவ்வளவு எண்டு தெரியாது. தெரியாது எண்டுதான் சொல்லப் போறன்."

யோசித்தார். பிறகு கையால் சொல்லுங்கோ என்று காட்டினார். நான் சொன்னேன். இவர் தன் கஷ்டத்தை அளந்து சொல்லும் சொல் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், விரல் போனதற்கும் காற்றுக்கும் அதே சொல்தான், ஆகவே அந்தச் சொல்லை வைத்து எதையும் அளக்க முடியாது என்றேன்.

டொக்டர் அவரை ஒருமுறை பார்த்தார். அன்றிலிருந்து "எப்படி?" என்று கேட்பதை விட்டுவிட்டார்.

"கட்டிலில் கடைசியாக எப்போது படுத்தீர்கள்?"

"மனுசி செத்ததுக்கு முதல் நாள்."

"அதற்குப் பிறகு எங்கே?"

"கதிரையில. வாசல் கதவுக்குக் கிட்டப் போட்டிருக்கிறன்."

"எத்தனை மணித்தியாலம் நித்திரை?"

"ரெண்டு. பிஜூ வந்தாப் பிறகு நிலத்தில பாய் போட்டுப் படுக்கிறன். அது காலடியில படுக்கும். இப்ப நாலு வரும். சில நாள் அஞ்சு."

"தோய்க்கும் அறை நிலத்துக்குக் கீழேயா?"

"ஓம், கெல்லரில. முந்தி மனுசிதான் போறது. அவ போனாப் பிறகு நான் ஒருக்காப் போனன். ஆறாவது படியோட திரும்பிட்டன்."

"அப்படியென்றால் உடுப்பை என்ன செய்தீர்கள்?"

"ஆராவுக்குக் கொண்டுபோவன். ஒவ்வொரு சனிக்கிழமையும். தங்கச்சி வீட்டில மேல் மாடியிலேயே மெசின் இருக்கு."

"ரயிலில்?"

"ஓம். சூட்கேசில வச்சு."

"எவ்வளவு காலம்?"

"ரெண்டு வருசத்துக்குக் கிட்ட. பிஜூவோட கெல்லருக்கு இறங்கப் பழகினாப் பிறகு போறேல்லை. அது முன்னால இறங்கும். நான் பின்னால போவன்."

தங்கைக்குத் தெரியுமா என்று டொக்டர் கேட்டார். தெரியாது. அண்ணை பாசத்தில் ஒவ்வொரு கிழமையும் வருகிறார், வந்த இடத்தில் உடுப்பையும் தோய்த்துக்கொண்டு போகிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவர் வராமல் விட்ட பிறகு அவளுக்கு மனத்தாங்கல். மச்சானின் கோபத்தில் அதுவும் இருந்திருக்கும் என்று எனக்கு அன்று விளங்கியது.

கேட்டதற்கெல்லாம் தடையில்லாமல் மறுமொழி வந்தது. மினுக்கிய உறைகளில் எத்தனை கீறல் என்று மேற்பார்வையாளருக்குச் சொல்கிறவரைப் போலச் சொன்னார். டொக்டர் பென்சிலைக் கீழே வைக்கவேயில்லை.

இன்னும் மூன்று தடவை போனோம். ஒரு நாள் நடையில் யாரோ கதவை ஓங்கி அடித்துச் சாத்தினார்கள். அவர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார், முகத்தில் இரத்தம் இல்லை. பிஜூவும் எழுந்து தன் உடம்பை அவருடைய முழங்காலோடு வைத்து அழுத்தியது. அப்படியே நின்றது. அவர் அதன் மடிந்த காதைப் பிடித்தார். சில நிமிடங்களுக்குப் பிறகு அவர் கதிரையில் இருந்தார், பிஜூவும் படுத்தது. "மன்னிக்கவேணும், கொஞ்சம் திடுக்கிட்டிட்டன்" என்றார். டொக்டர் அதை எழுதிக்கொண்டார்.

நிர்வாகத்துக்கான கடிதத்தை அனுப்ப முதல் டொக்டர் வாசித்துக் காட்டினார். நோயின் பெயர் அதில் இல்லை, நிர்வாகத்துக்கு அது தேவையில்லை என்றார். என்னென்ன எழுதலாம் என்று அவரிடமே கேட்டுக் கையெழுத்து வாங்கியிருந்தார். நான் இன்ன காலத்திலிருந்து இவருக்கு வைத்தியம் பார்க்கிறேன். கடுமையான மனக் காயம் ஒன்று இவருக்கு இருக்கிறது. இந்த நாயோடு இருக்கும்போது இவருடைய நித்திரையும் அன்றாட வேலைகளும் கண்கூடாகத் தேறியிருக்கின்றன. நிலக்கீழ் அறைக்கு இறங்குவதும் அதில் அடங்கும். நாயைப் பிரித்தால் நிலைமை மோசமாகும் என்பது என் மருத்துவ அபிப்பிராயம். அவ்வளவுதான்.

அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

"கடுமையான எண்டது வேண்டாம். எடுத்துவிடச் சொல்லுங்கோ."

சொன்னேன்.

"ஏன்?" என்றார் டொக்டர்.

"பேந்து கேட்பினம். கடுமை எண்டால் எப்பிடி வேலைக்குப் போறாய் எண்டு கேட்பினம். நான் என்ன சொல்லுறது?"

டொக்டர் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். "நீங்கள் கடுமை என்று ஒரு நாளும் சொல்லவில்லை. நீங்கள் எத்தனை படி, எத்தனை மணித்தியாலம் என்று சொன்னீர்கள். அதைக் கேட்டு நான் சொல்கிறேன் கடுமை என்று. இது என்னுடைய சொல். யாரும் கேட்டால் என்னிடம் கேட்கட்டும். கீழே இருப்பது என்னுடைய கையெழுத்து."

நான் தமிழில் சொல்லி முடித்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, டொக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் பொறுப்பில்லையோ?"

"இந்தச் சொல்லுக்கு இல்லை."

மேசையில் இருந்த கடிதத்தை எடுத்து டொக்டரிடம் நீட்டி, "சரி, இருக்கட்டும்" என்றார்.

நிர்வாகத்தின் பதில் ஒரு மாதத்துக்குப் பிறகு வந்தது. இந்த ஒரு நாய்க்கு மட்டும், அது உயிரோடு இருக்கும்வரை அனுமதி. படிக்கட்டில் கயிற்றோடு போகவேண்டும். தோய்க்கும் அறைக்குள் நாய் வரக்கூடாது.

எதற்காகக் கேட்டாரோ அதையே மறுத்திருந்தார்கள். டொக்டருக்குக் கோபம் வந்ததை அன்றுதான் கண்டேன். திரும்பவும் எழுதுகிறேன் என்றார். அவர் வேண்டாம் என்றார். முறைப்பாடு கொடுத்தது கீழ் வீட்டில் தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மா என்று அவருக்குத் தெரியும். மெசினுக்குள் நாய்மயிர் கிடந்தது என்று அந்த அம்மா படியில் சத்தம் போட்டிருக்கிறார்.

அடுத்த சந்திப்பில் நடந்ததைச் சொன்னார். அந்த அம்மாவின் கதவைத் தட்டியிருக்கிறார். நான் கூடப் போயிருக்க முடியாது, அது என் வேலையின் எல்லைக்கு வெளியே. தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லியிருக்கிறார்: எனக்குக் கெல்லரில் பயம். நாய் இருந்தால் போவேன்.

"அவர் என்ன சொன்னார்?" என்று டொக்டர் கேட்டார்.

"கதவைச் சாத்திட்டா. பேந்து திறந்து ஒரு பழைய போர்வை தந்தா. தோய்க்கிற அறைக் கதவடியில விரிச்சு அதில நாயை இருத்தச் சொன்னா. மெசினுக்குக் கிட்ட வரப்படாது எண்டா."

"பிறகு?"

"பிறகு முறைப்பாடு இல்லை. கண்டால் தலையாட்டுவா. அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு சந்திப்புகள் மாதம் ஒன்றாகி, இரண்டு மாதத்துக்கு ஒன்றாகின. பாயை விட்டுக் கட்டிலுக்குப் போனார். ஒருநாள் ஆறு மணித்தியாலம் என்றார், பிறகு தானே திருத்தி அஞ்சே முக்கால் என்றார். தங்கையிடம் உண்மையைச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அவள் அழுதாளாம், மச்சான் எழுந்து வெளியே போனாராம்.

இரண்டு வருடம் அப்படிப் போனது. ஒரு வசந்த காலத்தில் அவர் தனியாக வந்தார். கதிரையில் இருந்து, கால்களைச் சேர்த்து வைத்தார்.

"பிஜூ செத்துட்டுது" என்றார். "போன வியாழக்கிழமை. வயித்தில கட்டி. மிருக வைத்தியர் ஊசி போடேக்க தலையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

டொக்டர் தன் வருத்தத்தைச் சொன்னார். இன்னொரு நாய்க்கு அனுமதி கேட்பதானால் எழுதித் தருவேன் என்றார்.

"திங்கக்கிழமை என்ரை தோய்க்கிற நாள்" என்றார். "கூடையைத் தூக்கிக்கொண்டு கெல்லருக்குப் போற மேல்படியில நிண்டனான். இருபது நிமிசம் நிண்டிருப்பன். கீழ்வீட்டு அம்மா கதவைத் திறந்து பார்த்தா. நாய் எங்கை எண்டு கேட்டா. சொன்னன். அவ உள்ள போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தா. கெல்லருக்கு எனக்கு முன்னால இறங்கினா. அண்டைக்கு அவவின்ரை நாள் இல்லை. கையில உடுப்பு ஒண்டும் இல்லை. மெசின் முடியும் மட்டும் கதவடியில நிண்டா. ஒரு கதை இல்லை. எண்பது வயசு மனுசி, ஒரு மணித்தியாலம்..."

அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆறு வயதுப் பிள்ளை அழுவதுபோலச் சத்தமாக அழுதார். நான் மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. டொக்டர் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

பிறகு அவர் முகத்தைத் துடைத்தார். சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார், கதிரைப் பிடியில் கையை ஊன்றி எழுந்தார்.

"வெளியில அடுத்த ஆக்கள் காத்துக்கொண்டு இருப்பினம். நான் வாறன்."

சொன்னேன். டொக்டர் இல்லை என்று தலையை அசைத்தார்.

"இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறது. அது உங்களுடையது."

அவர் கதவைப் பார்த்தார். டொக்டரைப் பார்த்தார். திரும்பவும் கதிரையில் இருந்தார். அந்த அரை மணித்தியாலம் முழுவதும் பிஜூவைப் பற்றியே கதைத்தார்.